கேட்காமல் வந்திறங்கும் பிளகின்கள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஒரு ஈக்வலைசர் பிளகினை டவுன்லோடு செய்து, இன்ஸ்டாலரை ஓடவிட்டு, பாஸ்வேர்டைக் கொடுத்து, ‘நெக்ஸ்ட்’ பட்டனை நாலு தடவை அழுத்துகிறோம். அந்த ஒரு நிமிடத்துக்குள் அதே ஈக்வலைசர் வி.எஸ்.டி.2, வி.எஸ்.டி.3, ஏ.யூ., ஏ.ஏ.எக்ஸ்., கிளாப் என்று ஐந்து ஃபார்மட்களில் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடுகிறது. நீங்கள் பாட்டு செய்வது லாஜிக் புரோவில் என்றால், இந்த ஐந்தில் உங்களுக்குப் பயன்படுவது ஏ.யூ. ஒன்றுதான். மற்ற நான்கையும் நீங்கள் கேட்கவில்லை. போடட்டுமா என்று இன்ஸ்டாலரும் கேட்கவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸிலும் சரி, மேக்கிலும் சரி, இன்ஸ்டாலர் நம்மிடம் கேட்பது அட்மின் அனுமதி. சிஸ்டத்தின் பெரும்பாலான ஃபோல்டர்களில் எதையும் எழுதக்கூடிய அனுமதி அது. அதை நம்பிக் கொடுத்தவரிடம் என்ன எழுதப்போகிறேன் என்று சொல்வது குறைந்தபட்ச மரியாதை. இசைத் துறையில் பெயர்பெற்ற பல நிறுவனங்கள் அதைக்கூடச் செய்வதில்லை.

இத்தனை ஃபார்மட்கள் ஏன் என்ற கேள்விக்கு விடை நிறுவனங்களின் போட்டியில் இருக்கிறது. ஸ்டைன்பெர்க் 1996இல் கியூபேஸோடு வி.எஸ்.டி.யைக் கொண்டுவந்தது, 2008இல் வி.எஸ்.டி.3 வந்தது. ஆப்பிள் தன் மேக்குக்கென்று ஏ.யூ.வை வைத்துக்கொண்டது. ஆவிட் 2011இல் புரோ டூல்ஸ் 10உடன் ஏ.ஏ.எக்ஸ்.ஐ அறிமுகப்படுத்தி, 2013இல் வந்த புரோ டூல்ஸ் 11இல் தன் பழைய ஃபார்மட்டான ஆர்.டி.ஏ.எஸ்.ஸைக் கைவிட்டது. 2022இல் பிட்விக், யு-ஹெ என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து திறந்த உரிமத்தில் கிளாப்பை வெளியிட்டன. புரோ டூல்ஸ் ஏ.ஏ.எக்ஸ். தவிர வேறெதையும் ஏற்காது. லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஏ.யூ. தவிர வேறெதையும் ஏற்காது. ஏபிள்டன் லைவ், ரீப்பர், எஃப்.எல். ஸ்டுடியோ போன்றவை ஒன்றுக்கு மேற்பட்டதை ஏற்கும். ஜூஸ் போன்ற கட்டமைப்புகளைக் கொண்டு எழுதினால் ஒரே நிரலிலிருந்து பெரும்பாலான ஃபார்மட்களையும் எடுத்துவிடலாம் என்பதால், தயாரிப்பாளருக்கு இதில் கூடுதல் சிரமம் அதிகமில்லை. எடுத்ததையெல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

சுமை நம் பக்கம் வருகிறது. பெரும்பாலும் ஒவ்வொரு ஃபார்மட்டும் தனித்தனி முழுப் பிரதி. பின்னணிப் படங்களையும் ஒலி மாதிரிகளையும் கோப்புக்குள்ளேயே அடைத்த பிளகின் ஒன்று 150 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஃபார்மட் என்றால் 600 எம்.பி. அப்படி ஐம்பது பிளகின் இருந்தால் 30 ஜி.பி.; அதில் வேலைக்கு உதவுவது ஏழரை ஜி.பி. மட்டும். 256 ஜி.பி. மேக்புக்கில் வீட்டிலேயே பாட்டு செய்கிற ஒருவருக்கு மீதி இருபத்திரண்டரை ஜி.பி. என்பது ஒரு நல்ல பியானோ லைப்ரரிக்கான இடம். இதோடு லைவ், ரீப்பர் போன்றவற்றின் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு மூன்று முறை வந்து நிற்கும். புதிதாகப் போட்டதையெல்லாம் ஸ்கேன் செய்யும்வரை பாட்டு காத்திருக்க வேண்டும்.

இனி நாம் செய்யக்கூடியவை.

இன்ஸ்டால் செய்யும்போது: செய்ய வேண்டியவை

• உங்களுக்கு எந்த ஃபார்மட் தேவை என்பதை முதலில் எழுதி வையுங்கள். இதில் பலர் தங்கள் முதன்மை மென்பொருளை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். வீடியோ வேலையும் செய்பவரா? ஃபைனல் கட் புரோவுக்கு ஏ.யூ. வேண்டும். யூடியூப் நேரலைக்கு ஓ.பி.எஸ். பயன்படுத்துகிறீர்களா? அதனுடன் வரும் பிளகின் ஃபில்டர் நெடுங்காலமாக வி.எஸ்.டி.2 வகைக்கானது. ஆடாசிட்டி 2022இல் வந்த 3.2 பதிப்பிலிருந்துதான் வி.எஸ்.டி.3ஐ ஏற்கத் தொடங்கியது. உங்களிடம் அதைவிடப் பழைய பதிப்பு இருந்தால் அதையும் கவனியுங்கள். எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் பெரும்பாலோருக்கு ஒன்று அல்லது இரண்டு ஃபார்மட்டில் வேலை முடிந்துவிடும்.

• விண்டோஸில் ‘ஃபுல் இன்ஸ்டலேஷன்’ என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் இடத்தில் ‘கஸ்டம்’ என்று மாற்றுங்கள். மாற்றினால் பெட்டிகள் தெரியும். வேண்டாதவற்றில் உள்ள டிக்கை எடுங்கள்.

• மேக்கில் ‘இன்ஸ்டால்’ பட்டனுக்குப் பக்கத்தில், இடது பக்கமாக ஒதுங்கி ‘கஸ்டமைஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அது இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நிறைய பேர் அதைக் கவனிக்காமலே ஆண்டுக்கணக்கில் பிளகின் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

• அந்தப் பட்டனும் இல்லை என்றால், ‘ஃபைல்’ மெனுவில் ‘ஷோ ஃபைல்ஸ்’ என்று இருப்பதை அழுத்துங்கள். கமாண்ட் விசையுடன் ஐ எழுத்தை அழுத்தினாலும் போதும். எந்தெந்தக் கோப்பு இன்ஸ்டால் ஆகப்போகிறது என்ற பட்டியல், ஒரு பைட்டும் எழுதப்படுவதற்கு முன்பே உங்கள் கண்முன் வந்துவிடும். இன்ஸ்டாலர் சொல்லத் தவறியதை ஆப்பிளின் இந்தச் சின்ன வசதி சொல்லிவிடுகிறது.

• தனி இன்ஸ்டாலருக்குப் பதில் மேனேஜர் மென்பொருள் மூலம் பிளகின் தருகிற நிறுவனம் என்றால், முதல் பிளகினைப் போடும் முன்பே அந்த மேனேஜரின் செட்டிங்ஸுக்குப் போய்வாருங்கள். சிலவற்றில் ஃபார்மட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை அமைத்தால் அடுத்தடுத்த பிளகின்களுக்கும் அதுவே பொருந்தும். ஒலி லைப்ரரி எந்த டிரைவில் போக வேண்டும் என்பதையும் அதே இடத்தில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பல ஜி.பி. நேராக சி டிரைவுக்குப் போய்ச் சேரும்.

• ஸ்டுடியோவில் பல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவா? விண்டோஸ் இன்ஸ்டாலர்களில் கணிசமானவை இன்னோ செட்டப் என்ற கருவியால் செய்யப்பட்டவை. நீங்கள் தேர்ந்தெடுத்ததை ஒரு கோப்பாகச் சேமித்து, அதே தேர்வை மற்ற கம்ப்யூட்டர்களிலும் ஓட்டும் வசதி அதில் உண்டு. ‘சேவ்-இன்ஃப்’, ‘லோட்-இன்ஃப்’ என்ற கட்டளைகளை உங்கள் சிஸ்டம் ஆளிடம் சொல்லுங்கள், செய்து தருவார்.

இன்ஸ்டால் செய்யும்போது: செய்யக்கூடாதவை

• அப்டேட்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். முதல்முறை பார்த்துப் பார்த்து டிக் எடுத்தவரும் ஏமாறுவது இங்கேதான். எனக்கு மிகவும் பிடித்த ஒரு ரிவெர்ப் பிளகின் உண்டு. அதன் ஒவ்வொரு அப்டேட்டும் நான் நீக்கிய ஏ.ஏ.எக்ஸ்.ஐத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். என் கம்ப்யூட்டரில் புரோ டூல்ஸே கிடையாது. இதைப் பற்றி அந்த நிறுவனத்துக்கு எழுதினேன், ‘இருந்தால் பாதகமில்லை’ என்று பதில் வந்தது. பாதகமா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர் என்பது அவர்களுக்குப் புரியவே இல்லை.

• வி.எஸ்.டி.3 போகும் ஃபோல்டரை மாற்ற முயலாதீர்கள். விண்டோஸில் ‘காமன் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘வி.எஸ்.டி.3’ என்ற இடம் அந்தத் தரத்திலேயே வகுக்கப்பட்டது. மென்பொருள்கள் அங்கேதான் தேடும். வி.எஸ்.டி.2க்கு அப்படி ஒரு நிலையான இடம் கிடையாது. ஸ்டைன்பெர்க் பெயரில் ஒரு ஃபோல்டர், ‘வி.எஸ்.டி.பிளகின்ஸ்’ என்று ஒன்று, ‘காமன் ஃபைல்ஸ்’ உள்ளே இன்னொன்று என்று நிறுவனத்துக்கு ஒன்றாகப் போடுவார்கள். வி.எஸ்.டி.2 கட்டாயம் தேவை என்றால் ஒரே ஒரு ஃபோல்டரை முடிவு செய்து, எல்லா இன்ஸ்டாலரிலும் அதையே கொடுங்கள்.

• இன்ஸ்டாலரை ஏமாற்றத் தந்திரம் செய்யாதீர்கள். வேண்டாத ஃபோல்டரின் பெயரிலேயே பூட்டிய வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டால் இன்ஸ்டாலரால் அங்கே எழுத முடியாது என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். எழுத முடியாத இன்ஸ்டாலர் பாதியில் நின்றுபோகலாம். தேவையான ஃபார்மட்டும் சேர்ந்தே கெடலாம்.

ஏற்கெனவே குவிந்துவிட்டதா?

புதிதாகச் சேர்வதைத் தடுப்பது சுலபம். பல ஆண்டுகளாகக் குவிந்ததைக் களைவதற்குத்தான் பொறுமை வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பழைய பாட்டுகள் பலியாகும்.

• பட்டியலில் இரட்டிப்பாகத் தெரிவது மட்டும்தான் தொந்தரவு என்றால் எதையும் அழிக்க வேண்டாம். லைவின் செட்டிங்ஸில் ஏ.யூ., வி.எஸ்.டி.2, வி.எஸ்.டி.3 ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கலாம். கியூபேஸின் பிளகின் மேனேஜரில் வேண்டாததை மறைக்கலாம். லாஜிக்கின் பிளகின் மேனேஜரில் டிக்கை எடுத்தால் பட்டியலிலிருந்து போய்விடும். டிஸ்க்கில் இடம் மிச்சமாகாது. தேடும் எரிச்சல் தீரும்.

• இடமும் வேண்டும் என்றால், முதலில் எங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேக்கில் ‘லைப்ரரி’ உள்ளே ‘ஆடியோ’, அதன் உள்ளே ‘பிளக்-இன்ஸ்’. ஏ.யூ. கோப்புகள் இருக்குமிடத்தின் பெயர் ‘காம்பொனண்ட்ஸ்’, வி.எஸ்.டி., வி.எஸ்.டி.3, கிளாப் ஆகியவற்றுக்குத் தத்தம் பெயரிலேயே ஃபோல்டர் உண்டு. மேக்கில் பிளகின்கள் இருக்கக்கூடிய ‘லைப்ரரி’ இரண்டு உண்டு என்பதை மறக்காதீர்கள்: ஒன்று சிஸ்டம் முழுவதற்கும், மற்றொன்று உங்கள் கணக்குக்கு மட்டும், மறைத்து வைக்கப்பட்டது. ஏ.ஏ.எக்ஸ். இந்த ‘பிளக்-இன்ஸ்’ ஃபோல்டர்கள் எதிலும் இருக்காது. சிஸ்டம் முழுவதற்குமான ‘லைப்ரரி’யில் ‘அப்ளிகேஷன் சப்போர்ட்’ உள்ளே ஆவிட் ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸில் ஏ.ஏ.எக்ஸ்.உம் கிளாப்பும் வி.எஸ்.டி.3ஐப் போலவே ‘காமன் ஃபைல்ஸ்’ உள்ளே இருக்கும்.

• அழிக்கும் முன் நகர்த்துங்கள். வெளி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, வேண்டாத ஃபார்மட்களை அங்கே மாற்றுங்கள். பிறகு உங்கள் முக்கியமான பழைய புராஜெக்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஏதாவது காணவில்லை என்று மென்பொருள் சொன்னால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். புரோ டூல்ஸ் இதற்கென்றே, பிளகின் ஃபோல்டருக்குப் பக்கத்தில் ‘அன்யூஸ்டு’ என்ற பெயருடன் ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறது. அங்கே போட்டதை அது ஏற்றாது.

• வி.எஸ்.டி.2ஐ மட்டும் கடைசியாகத் தொடுங்கள். 2018க்குப் பிறகு ஸ்டைன்பெர்க் புதிய தயாரிப்பாளர்களுக்கு வி.எஸ்.டி.2 உரிமம் தருவதை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு நிறுவனமாக அதைக் கைவிட்டுக்கொண்டு வருகிறது. அதனால் இன்று அழித்த வி.எஸ்.டி.2 கோப்பு நாளைய இன்ஸ்டாலரில் திரும்பக் கிடைக்காமல் போகலாம். நீங்கள் பல ஆண்டுகளுக்கு முன் அதில் மிக்ஸ் செய்த பாட்டைத் திறந்தால், பல மென்பொருள்கள் வி.எஸ்.டி.3 பதிப்பை வேறொரு பிளகினாகவே பார்க்கும். செட்டிங்கும் வராது, ஆட்டோமேஷனும் வராது. தயாரிப்பாளர் முறையாக வழி செய்திருந்தால்தான் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமரும். ஆகவே அப்படிப்பட்ட பாட்டுகளைத் திறந்து, பிளகினின் சொந்த மெனுவில் பிரீசெட்டாகச் சேமியுங்கள். அதைப் பெரும்பாலும் வி.எஸ்.டி.3 பதிப்பிலும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்டோடு ஆடியோவாக எழுதி வையுங்கள். ஃபார்மட்கள் மாறிக்கொண்டே இருக்கும். வேவ் கோப்பு எதிலும் திறக்கும்.

• விண்டோஸில் பழைய இன்ஸ்டாலேஷனின் மேலேயே, டிக்கை எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும் என்று எண்ணாதீர்கள். இன்னோ செட்டப்பில் டிக்கை எடுத்தால் புதிதாகப் போடாது. ஏற்கெனவே போட்டதை நீக்காது. முழுவதையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்பப் போடுவதே சுத்தமான வழி. அதற்கு முன் உங்கள் பிரீசெட்களைத் தனியே எடுத்து வையுங்கள். சில அன்இன்ஸ்டாலர்கள் அவற்றையும் சேர்த்து அழித்துவிடும்.

• மேக்கில் அன்இன்ஸ்டாலர் இல்லாத பிளகின்தான் அதிகம். அங்கே கோப்பைக் குப்பையில் போடுவதே நடைமுறை, தயங்க வேண்டாம். விண்டோஸில் அன்இன்ஸ்டாலர் இருக்கும்போது கையால் அழிக்க வேண்டாம்.

• வி.எஸ்.டி.3 ஃபோல்டரில் பிளகின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருந்தால் அதைப் பிரித்து உள்ளே இருப்பதை அழிக்காதீர்கள். இப்போது வரும் பிளகின்கள் பல விண்டோஸிலும் அப்படி ஒரு ஃபோல்டராகவே வருகின்றன. அந்த ஃபோல்டர் முழுவதும் சேர்ந்ததுதான் பிளகின். அதேபோல ‘வேவ்ஷெல்’ என்ற பெயரில் தெரியும் கோப்பை ஒற்றைப் பிளகின் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். வேவ்ஸ் நிறுவனத்தின் பிளகின்கள் எல்லாம் அந்த ஷெல் வழியாகத்தான் மென்பொருளுக்குத் தெரிகின்றன.

• உங்களுடையதல்லாத கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். சாலிகிராமத்திலோ வடபழனியிலோ வாடகைக்கு விடும் ஸ்டுடியோவில், காலையில் ஒருவர் லாஜிக்கில் இசையமைப்பார், மாலையில் வேறொருவர் அதே கம்ப்யூட்டரில் புரோ டூல்ஸில் டப்பிங் எடுப்பார். உங்களுக்குத் தேவையில்லாத ஏ.ஏ.எக்ஸ். அவருக்கு அன்றைய சம்பளம்.

இன்ஸ்டாலர் எழுதுவோருக்கு

எல்லா ஃபார்மட்டையும் போட்டுவிட்டால் ‘என் மென்பொருளில் பிளகின் தெரியவில்லை’ என்ற புகார் குறையும் என்பதே நீங்கள் சொல்லும் காரணம். அது பொய்யான காரணம் இல்லை. ஃபார்மட் என்றால் என்ன என்றே தெரியாத புதியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கடிதங்களுக்குப் பதில் எழுத உங்களிடம் இரண்டு பேர்தான் இருப்பார்கள். அதற்காக எல்லாப் பெட்டியிலும் முன்கூட்டியே டிக் போட்டுக் காட்டுங்கள், யாரும் குறைசொல்ல மாட்டோம். பெட்டியையே காட்டாமல் இருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

• கேளுங்கள். ஃபார்மட்டின் பெயரோடு, அது எந்த மென்பொருளுக்கு என்பதையும் எழுதுங்கள். ‘ஏ.ஏ.எக்ஸ். – புரோ டூல்ஸுக்கு மட்டும்’ என்ற ஒரு வரி, புதியவரையும் காப்பாற்றும், உங்கள் அஞ்சல்பெட்டியையும் காப்பாற்றும்.

• போனமுறை தேர்ந்தெடுத்ததை நினைவில் வையுங்கள். இன்னோ செட்டப் இதைத் தானாகவே செய்யும்; பதிப்புக்குப் பதிப்பு செயலியின் அடையாள எண்ணை நீங்கள் மாற்றாமல் இருந்தால் போதும். மேக்கில் ஏற்கெனவே என்ன போடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதன்படி பெட்டிகளை நிரப்ப ஆப்பிளின் இன்ஸ்டாலர் ஸ்கிரிப்ட் இடம் தருகிறது. கொஞ்சம் கூடுதல் வேலைதான், செய்யுங்கள்.

• ‘கஸ்டமைஸ்’ பட்டனை மறைக்காதீர்கள். மேக் பொட்டலத்தின் விவரக் கோப்பில் அதை அனுமதிக்கவும் தடுக்கவும் ஒரே ஒரு சொல்தான் மாறுகிறது.

• கேட்காமல் சேர்ப்பதைப் போலவே கேட்காமல் நீக்குவதும் தவறு. வி.எஸ்.டி.2ஐ நிறுத்துவது உங்கள் உரிமை. அப்டேட் என்ற பெயரில் எங்கள் டிஸ்க்கில் இருக்கும் பழைய வி.எஸ்.டி.2 கோப்பைத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். அதை நம்பி முடிக்கப்படாத படம் ஒன்று அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கலாம்.

• பெரிய ஒலி மாதிரிகளை ஒவ்வொரு ஃபார்மட்டுக்குள்ளும் அடைக்காமல் பொதுவான ஒரே இடத்தில் வையுங்கள்.

வாங்குபவர் கையில் இருப்பது

காசு கொடுக்கும் முன் டெமோவை இறக்கி, அதன் இன்ஸ்டாலர் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். ஒலியை மட்டும் சோதித்துவிட்டு வாங்கும் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய நேரம் இது. ஏற்கெனவே வாங்கியதில் தேர்வுப் பெட்டி இல்லையென்றால் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள்: பிளகினின் பதிப்பு எண், உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டம், உங்களுக்குத் தேவையான ஃபார்மட், தேவையில்லாமல் வந்திறங்கிய ஃபார்மட் ஆகிய நான்கையும் குறிப்பிட்டு, அடுத்த பதிப்பில் தேர்வு கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். தமிழில் பாட்டு செய்பவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறோம், பணம் கொடுத்தே வாங்குகிறோம். அந்தப் பணம் நம்மைக் கேட்டுவிட்டு நம் கம்ப்யூட்டருக்குள் வருகிற நிறுவனங்களுக்குப் போகட்டும்.